கல்லும் மூச்சும்

திருவனந்தபுரம் கல்லால் பெயர்பெற்ற ஊர். பத்மநாப சுவாமி கோயிலின் கிழக்கு வாயிலைக் கடந்து உள்ளே செல்வோர் கண்ணை முதலில் நிறைப்பது கல்லே. சீவேலிப்புரையின் இருமருங்கும் நிற்கும் தூண்கள் முந்நூற்று அறுபத்தைந்தே கால் என்பது வழிவழிவந்த பேச்சு. கருவறைக்கு முன்னே உள்ள ஒற்றைக்கல் மண்டபம், இருபதடிச் சதுரமும் இரண்டரையடிக் கனமும் கொண்ட ஒரே பாறை. மார்த்தாண்ட வர்மர் காலத்தில், 1730களில், திருமலைப் பாறையிலிருந்து பெயர்த்து இழுத்து வரப்பட்டது. சீவேலிப்புரையை எழுப்ப 4,000 கல்தச்சரும் 6,000 கூலியாட்களும் 100 யானைகளும் உழைத்தனர் என்று கோயில் வரலாறு கூறுவோர் கணக்குச் சொல்வர்.

அந்தக் கணக்கில் யானைகள்கூட இடம்பெற்றுவிட்டன. இடம்பெறாதது ஒன்று உண்டு. அத்தனை தூண்களைக் கொத்தியபோது எழுந்த தூசியை மூச்சோடு உள்ளிழுத்தவர் எத்தனை பேர், அவருள் நரை காணும்வரை வாழ்ந்தவர் எத்தனை பேர் என்பதே அது. அதை எண்ண வேண்டுமென்று அன்றைய கணக்கருக்குத் தோன்றியிராது. கல்தச்சன் இருமினால் அவன் விதி என்றிருப்பர். இளைத்தால் க்ஷயம் என்றிருப்பர். இன்று நமக்குக் காரணம் தெரியும். தெரிந்திருந்தும் எண்ணாமல் இருக்கிறோமே, அது ஏன் என்ற வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதலில் கல்லைப் பற்றிச் சிறிது பேசுவோம். நம் மாவட்டத்துப் பாறைகளைச் சார்னோக்கைட் என்றும் கோண்டலைட் என்றும் நிலவியலார் வகுப்பர். சார்னோக்கைட் என்ற பெயருக்குப் பின்னே நம் தமிழ்நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கில வணிகரின் கல்லறைமேல் கிடத்தப்பட்ட கல், சென்னையை அடுத்த பரங்கிமலைப் பகுதிப் பாறை. தாமஸ் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் 1890களில் அதை ஆராய்ந்து அந்த வணிகரின் பெயரையே பாறைக்குச் சூட்டினார். வீட்டு அடித்தளத்துக்கு நாம் இடும் கருங்கல்லும், சாலையில் பரப்பும் ஜல்லியும் பெரும்பாலும் இந்த இனத்தவையே. இவற்றில் கலந்திருக்கும் கனிமங்களுள் ஒன்று குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல். அதன் வேதிப்பெயர் சிலிக்கா. கடற்கரை மணலிலும் அதுதான் மின்னுகிறது.

அப்படியாயின் சங்குமுகம் கடற்கரையில் காற்று வாங்கச் செல்வோர்க்கெல்லாம் நோய் வர வேண்டுமே என்று கேட்கலாம். வராது. மணலின் பருமன்தான் அதற்குக் காரணம். மணல் கண்ணில் விழும், மூக்கில் ஏறும். நுரையீரலின் அடி வரை போகாது. கல்லைத் துளைத்து, அறுத்து, தேய்த்து, உடைக்கும்போது எழும் பொடியில் ஒரு பகுதி, தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதது. அது எளிதில் தரையில் படியாது. மணிக்கணக்காகக் காற்றில் மிதக்கும். கண்ணுக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் புழுதி மூக்கோடும் சளியோடும் வெளியேறிவிட, தெரியாத புழுதியே மூச்சுச் சிற்றறைகள் வரை இறங்குகிறது.

அங்கே நிகழ்வதை மருத்துவர்கள் தெளிவாக விளக்குகின்றனர். உள்ளே வரும் அயற்பொருளை விழுங்கி அழிக்கவென்றே நுரையீரலில் காவல் அணுக்கள் உண்டு. அவை சிலிக்காத் துகளை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க இயலாமல் தாமே மடிகின்றன. விடுபட்ட துகளை அடுத்த காவலணு விழுங்குகிறது, அதுவும் மடிகிறது. இந்த ஓயாத போரில் நுரையீரல் தழும்பேறிக் கெட்டிப்படுகிறது. இதுவே சிலிக்கோசிஸ். தழும்பேறிய இடம் மீண்டும் பஞ்சாவதில்லை. நோயை மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. தூசி மிகுந்த இடத்தில் சில ஆண்டுகளிலும், குறைந்த இடத்தில் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் அது தலைகாட்டும். வேலையை விட்ட பிறகும் வளரக்கூடும். இந்நோயுற்றாரைக் காசநோய் எளிதில் பற்றும். படிகச் சிலிக்காத் தூசி புற்றுநோய்க்கும் காரணமாகும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997ஆம் ஆண்டில் அறுதியிட்டது.

எவ்வளவு தூசி மிகை என்பதற்கு ஓர் அளவு சொல்வோம். அமெரிக்க அரசு 2016இல் விதித்த வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள அறையில் இந்த அளவுத் தூசி முழுவதையும் திரட்டினாலும் ஒன்றரை மில்லிகிராமுக்கு உட்பட்டே நிற்கும். ஒரே ஓர் அரிசி மணியைப் பதினைந்து கூறாக்கி அதில் ஒரு கூற்றை எடுத்தால் அந்த எடை. அதற்கு மேற்பட்ட காற்றில் நாள்தோறும் எட்டு மணி நேரம் உழைப்பது தீங்கு என்கிறது அந்த விதி. நம் ஊர்த் தெருவில் டைல்ஸ் அறுக்கும் இளைஞன் எழுப்பும் வெண்புகையைக் கண்ட எவருக்கும், கணக்குப் போடாமலே விடை தெரிந்துவிடும்.

இது புதிதாகக் கண்டறிந்த தீங்கும் அன்று. 1556இல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்க நூல், ஐரோப்பாவின் கார்ப்பாத்திய மலைச் சுரங்கங்களை அடுத்த ஊர்களில் ஏழு கணவரை அடுத்தடுத்து மணந்து இழந்த பெண்கள் இருந்ததாகக் குறிக்கிறது. 1700இல் இத்தாலிய மருத்துவர் ராமச்சினி, தொழிலாளர் நோய்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். கல்தச்சர் உள்ளிழுக்கும் கூரிய துகள்களை அதில் விவரித்தார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதையும் கேட்க வேண்டும் என்று அறிவுறுத்தியவர் அவரே. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கேள்வி பல மருத்துவமனைகளின் வாயிலைத் தாண்டவில்லை.

நம் நாட்டில் இந்நோய் முதலில் பெருவாரியாகக் கண்டறியப்பட்ட இடம் எது? தமிழர் இரத்தமும் வியர்வையும் சிந்திய கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியபின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தமிழர் சென்றனர். அவருள் மிகப் பலர் ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்டவர்கள். தங்கவயல் அவர்களுக்குக் கூலியும் பள்ளியும் சங்கமும் தந்தது. 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் அங்கே எரிந்தது என்று பெருமையாகச் சொல்வோம். ஆனால் பொன் தனியே கிடப்பதன்று. படிகக்கல் பாளங்களுக்கிடையே இழையோடிக் கிடப்பது. பொன்னைத் தேடித் துளைத்தவன் படிகக்கல்லையே துளைத்தான். பொன் கடல் கடந்தது. படிகப்பொடி அவன் நெஞ்சில் தங்கியது. 1940களில் அங்கே தொழிலாளர் 7,600-க்கு மேற்பட்டோரைச் சோதித்த ஆய்வில், நூற்றுக்கு நாற்பதுக்கும் மேலானோர்க்கு இந்நோய் இருந்தது தெரிந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகச் சென்ற அச்சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. சயனைடு மண்மேடுகளைப் பார்க்க இன்றும் ஆட்கள் செல்கின்றனர். மார்பில் கல் சுமந்து மாண்டவர்க்கு மேடு ஏதும் இல்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கிறோம். நம் தலைமுறையினர் அகரம் எழுதியது சிலேட்டில், எழுதுகோல் பலப்பம். அந்தக் குச்சியை எழுதியதினும் மிகுதியாகத் தின்றவர்கள் நம்முள் இருப்பர். நாடெங்கும் சென்ற சிலேட்டுக் குச்சிகளில் பெரும்பங்கு மத்தியப் பிரதேசத்து மந்த்சௌர் வட்டாரத்தில் செய்யப்பட்டது. கல்லை மின்வாளால் உலர அறுத்துக் குச்சியாக்கினர். தேசியத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தார் அங்கே சென்று சோதித்தபோது, தொழிலாளருள் நூற்றுக்கு 54.6 பேர் சிலிக்கோசிஸ் உற்றவராயிருந்தனர். முப்பதுகளிலேயே மாண்டவர் பலர். நம் கையெழுத்து திருந்துவதற்கு எங்கோ ஒருவன் தன் மூச்சைத் தந்துகொண்டிருந்தான். அவனுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பர். அவர்களும் அதே குச்சியால் அகரத்துக்கு நிகரான தம் எழுத்தை எழுதிப் பழகியிருப்பர்.

கோலாரும் மந்த்சௌரும் தொலைவில் உள்ளன. நம் வீட்டு வாயிலுக்கு வருவோம். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் பிரிக்கப்படும்வரை, கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தது. அம்மாவட்டத்து மயிலாடி, கல்சிற்பிகளின் ஊர். இங்குள்ள கோயில்களுக்கும் வீடுகளுக்கும் வேண்டிய சிலையும் விளக்கும் தூணும் அங்கிருந்து வருவது நெடுநாள் வழக்கம். கன்னியாகுமரிக் கடலில், 133 அடி உயரமும் 7,000 டன் எடையுமாக, கணபதி ஸ்தபதியார் வழிகாட்ட எழுந்து 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைக் காணும்போதெல்லாம் நம் நெஞ்சு நிமிர்கிறது. அந்த நிமிர்வு நியாயமானதே. அத்தகைய கலையை நமக்குத் தருகிற கைகளின் உடைமையாளரைப் பற்றியும் கேட்டறிய வேண்டுமல்லவா?

மயிலாடிக்கு நாம் சென்றது ஒரு மார்கழியில், நண்பர் ஒருவரின் குலதெய்வக் கோயிலுக்கு நந்தி ஒன்று சொல்லி வைப்பதற்காக. ஓலைப்பந்தலின் கீழ் நாலைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தனர். உளியோசை ஓரிருவரிடமிருந்தே வந்தது. மற்றவர் கையில் மின்சாரக் கட்டர். நந்தியின் முதுகை ஓர் இளைஞர் அதனால் இழைத்துக்கொண்டிருந்தார். அவர் முகமும் இமையும் நந்தியும் ஒரே நிறமாயிருந்தன. மூக்கைச் சுற்றி ஒரு துவர்த்து.

பட்டறைக்கு உரிய முதியவர் தள்ளி ஒரு கல்லில் அமர்ந்திருந்தார். அறுபதைத் தொட்டிருப்பார், எண்பது எனத் தோன்றினார். “உளி வச்சுக் கொத்துனப்போ பொடி காலடியில விழும் ஐயா. இது பொகை மாதிரில்லா எழும்புது. ஆனா ஒரு நாள் வேலை ஒரு மணிக்கூர்ல முடியுதே” என்றார். தூசி தீங்கு செய்யாதா எனக் கேட்டோம். இளைஞர் கட்டரை நிறுத்திவிட்டு, “துவர்த்து கெட்டியிருக்கோம்லா. ராத்திரி ரெண்டு துண்டு கருப்பட்டி தின்னா எல்லாம் எறங்கிரும்” என்று சிரித்தார். முதியவர் சிரிக்கவில்லை. “நானும் தின்னேன்லா ஐயா, நாப்பது வருசம்” என்றார்.

பின்பு அவரே மெல்லப் பேசினார். ஆண்டுதோறும் மார்கழியில் சுசீந்திரம் தேருக்கு வடம் பிடிக்கப் போவாராம். இரண்டு ஆண்டுகளாகப் போகவில்லை. தெருக்கோடி வரை நடந்தால் மூச்சு முட்டுகிறது. காசநோய் என்று இரண்டு முறை மருந்து தந்தனர். சளியில் கிருமி இருந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. “என்ன வேலைன்னு யாராவது கேட்டாங்களா?” என்றோம். சற்று யோசித்து, “பேரு, வயசு, ஊரு கேட்டாங்க. பீடி குடிப்பியான்னு கேட்டாங்க” என்றார். ராமச்சினியின் கேள்வியை அவரிடம் முதன்முதலாகக் கேட்டவர்கள், நந்தி வாங்கச் சென்ற நாம்தாம் போலும். அவருக்கு இருந்தது எந்நோய் என்று கூறும் தகுதி நமக்கில்லை. கேட்கப்படாத கேள்விக்கு விடை எந்தச் சீட்டிலும் இருக்காது என்பதை மட்டும் அன்று உணர்ந்தோம்.

துவர்த்தும் கருப்பட்டியும் அவர்களுடைய அறியாமை என்று இகழ்வார் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. புழுதி வேலை செய்வோர்க்கு வெல்லம் கொடுப்பது நாட்டின் பல பகுதிகளில் உள்ள வழக்கம். தூசி தீங்கானது என்பதைத் தொழிலாளர் நெடுங்காலமாகவே உணர்ந்திருந்தனர் என்பதற்கு அதுவே சான்று. வேறெவரும் காக்க முன்வராதபோது கைக்கெட்டியதைக் கொண்டு தம்மைக் காத்துக்கொள்ள முயன்றனர். ஆனால் துவர்த்தின் இழைகளுக்கிடையே உள்ள இடைவெளி, அந்த நுண்துகளுக்குக் கோபுர வாசல். கருப்பட்டி செல்லும் வழி உணவுக்குழல். துகள் தங்குவதோ நுரையீரலில்.

அப்படியானால் காப்பு எது? நல்ல முகமூடி என்று உடனே சொல்லத் தோன்றும். கொரோனாக் காலத்துக்குப் பின் என்-95 என்ற பெயரை அறியாதார் இலர். அது நுண்துகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தையேனும் தடுக்கும், ஐயமில்லை. ஆனால் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும், தாடியிருந்தால் பொருந்தாது. மேடமாத வெயிலில், கடற்காற்றின் ஈரப்புழுக்கத்தில், சம்மட்டி தூக்குகிறவன் எட்டு மணி நேரம் அதை அணிந்து மூச்சுவாங்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து அறிவுரை கூறுவோர் ஒரு முற்பகல் அணிந்து பார்க்கட்டும். எனவேதான் தொழில்நல அறிஞர் முகமூடியைக் கடைசிப் படியில் வைக்கின்றனர். மேற்படிகள் தொழிலாளியின் முகத்தில் இல்லை. தூசி பிறக்கும் இடத்தில் உள்ளன.

முதற்படி, தூசி பிறக்காத பொருளையோ முறையையோ தேர்ந்துகொள்வது. ஆஸ்திரேலியா இதில் துணிந்து ஒரு முடிவெடுத்தது. சமையலறை மேடைக்காகச் செயற்கையாக உருவாக்கப்படும் ‘குவார்ட்ஸ்’ பலகைகளில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா இருப்பதுண்டு. அவற்றை அறுத்த இளந்தொழிலாளர் பலர் சில ஆண்டுகளிலேயே நோயுற்றதைக் கண்டு, 2024 ஜூலை முதல் அந்நாடு அப்பலகைகளைத் தடைசெய்தது. நம் நகரத்துக் கடைகளில் அதே வகைப் பலகைகள், கறை படியாதவை என்ற புகழுரையோடு விற்கப்படுகின்றன.

இரண்டாம் படி, நீர். துளைக்கும் முனையிலும் அறுக்கும் விளிம்பிலும் நீர் பாய்ந்தால் பொடி எழும்பாமல் சேறாகிவிடும். நீர் செல்லும் துளைக்கருவி சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சுரங்கங்களுக்கு வந்துவிட்டது. அது இருந்தும் கையாளப்படாத இடங்களில் நேர்ந்தவற்றுள் கொடியது, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1930-31இல் மலையைக் குடைந்த ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கவழி. விரைவு கருதி உலரத் துளைத்தனர், நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், பெரும்பாலோர் வேலை தேடி வந்த கறுப்பினத்தவர். மூன்றாம் படி, தூசியைப் பிறந்த இடத்திலேயே உறிஞ்சி அகற்றும் குழாய். நான்காவது, கிரஷரை மூடி அமைப்பதும், ஆளைத் தொலைவில் நிறுத்துவதும், தரையை உலரப் பெருக்காமல் நனைத்துக் கழுவுவதும். இவற்றில் ஒன்றுகூட விண்வெளி விஞ்ஞானம் அன்று. தும்பாவில் ராக்கெட் விட்ட ஊர் இது. வாளி நீருக்கு வழி காண முடியாதா?

வழி இருப்பதையும் அதற்கு ஒரு விலை இருப்பதையும் நம் வீட்டிலேயே கண்டோம். இரண்டாண்டுகளுக்கு முன் சமையலறையைப் புதுப்பித்தோம். டைல்ஸ் ஒட்ட வந்த இளைஞன் குமரி மாவட்டத்தான், உதவியாள் ஒடிசாக்காரன். முற்றத்தில் அமர்ந்து உலர அறுக்கத் தொடங்கியதும் மாமரம் வெளுத்தது. நீர் விட்டு அறுக்கலாகாதா என்று கேட்டோம். “கையில பிடிக்கிற கட்டர்ல தண்ணி விட்டா ஷாக் அடிக்கும் சாரே” என்றான். அவன் சொன்னது சரிதான். நீர்த்தொட்டியோடு கூடிய அறுவை மேசை வாடகைக்குக் கிடைக்குமென விசாரித்தறிந்து, அதையே கொண்டுவரச் சொன்னோம். ஒப்பந்தக்காரர் முகம் சுளித்தார். வாடகை, சேறு வழிக்கும் வேலை, கூடுதலாக இரண்டு நாள் கூலி என்று கணக்கு நீட்டினார். அந்தத் தொகை, நாம் தேர்ந்தெடுத்த குழாய்த் திருகு ஒன்றின் விலையைவிடச் சற்றே மிகுதி. கொடுத்தோம். மாமரம் மீண்டும் வெளுக்கவில்லை.

மூன்றாம் நாள் அந்த இளைஞன் கேட்டான்: “அடுத்த வீட்டுல இதுக்கு யாரு சாரே காசு தருவா?” நம்மிடம் விடையில்லை. ஒரு வீட்டுக்காரரின் இரக்கத்தில் ஒரு வாரம் நல்ல காற்றைச் சுவாசிப்பது காப்பாகாது. காப்பு என்பது எல்லா வீட்டிலும், எல்லாப் பட்டறையிலும், கேளாமலே கிடைக்க வேண்டியது. அதற்குத்தான் சட்டம்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை, மருத்துவர் கண்டால் அரசுக்கு அறிவித்தே தீர வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் பட்டியலிலும் அது உண்டு. இடர் எங்கே என்றால், தூசிக்குத் தெரியாத எல்லைகளைச் சட்டம் போட்டிருக்கிறது. பாறையைப் பெயர்க்கும் இடம் முன்பு சுரங்கச் சட்டத்தின் கீழ் இருந்தது. அரைக்கும் இடம் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் இருந்தது. மின்விசையோடு பத்துப் பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். புதிய தொகுப்பு அதை இருபதாக உயர்த்திவிட்டது. நாலைந்து பேர் நந்தி செதுக்கும் பந்தலும், இருவர் டைல்ஸ் அறுக்கும் முற்றமும் தொழிற்சாலை ஆவதில்லை. ஆட்கள் குறைந்தால் சட்டம் விலகிக்கொள்கிறது; தூசி விலகுவதில்லை.

இன்னொரு மாற்றமும் நேர்ந்துள்ளது. ஆறுகளைக் காக்கக் கேரள அரசு 2001இல் சட்டம் செய்து மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்தியது. நற்செயலே. ஆனால் வீடு கட்டுவது நிற்கவில்லை. பாறையை அரைத்து எம்-சாண்ட் என்ற மணலாக்கும் வழக்கம் பெருகியது. நகரையடுத்த மூக்குன்னிமலை எவ்வாறு குடையப்பட்டதென்பது இங்குள்ளோர் அறிந்ததே. ஆறு தந்ததை இப்போது மலை தருகிறது. அந்த மாற்றத்துக்கான சுங்கத்தைக் கிரஷரில் நிற்பவனின் நுரையீரல் செலுத்துகிறது. ஒருகாலத்தில் இவ்வேலைக்கு நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் தமிழர் வந்தனர். இன்று வங்காளம், ஒடிசா, அசாம் ஆகிய இடங்களிலிருந்து வருவோரே மிகுதி. இருமல் வந்தால் ரயிலேறி ஊருக்குப் போய்விடுவர். நோய் அங்கே வெளிப்படும். அது பிறந்த இடத்தின் கணக்கில் ஏறாது. கேரளத்தின் புகழ்பெற்ற நலவாழ்வுக் கணக்குகளில் அவர்கள் இல்லை. ஒரு தலைமுறைக்கு முன் கோலாரிலிருந்து வட ஆர்க்காட்டுக்குத் திரும்பிய நம்மவரும் இப்படித்தான் இருந்தனர். வேற்றுமொழியார் துயர் என்று நாம் ஒதுங்க முடியாத காரணம் இது.

செய்ய முடியாதது ஒன்றுமில்லை என்பதற்கு இராஜஸ்தானைக் காட்டலாம். மணற்கல் குவாரிகள் மலிந்த அம்மாநிலம் 2019இல் தனிக்கொள்கை வகுத்தது. சான்று பெற்ற நோயாளிக்கு 3 லட்சம் ரூபாயும், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சமும், ஓய்வூதியமும் என அறிவித்தது. இழந்த மூச்சுக்கு அது ஈடாகாது. ஆனாலும் அதனால் ஒரு பெரும்பயன் உண்டு: நோயாளி எண்ணப்படுகிறான். எண்ணப்பட்டவனைக் குறித்து ஆட்சியாளர் கவலைப்பட்டே ஆக வேண்டும். சிலிக்கோசிஸை 2030க்குள் ஒழிப்போம் என்று உலகத் தொழிலாளர் அமைப்பும் உலக நலவாழ்வு நிறுவனமும் 1995இல் குறிக்கோள் வகுத்தன. 2030 வாயிலில் நிற்கிறது. எண்ணாததை எப்படி ஒழிப்பது?

நம்மால் ஆவது என்ன? நாம் ஆட்சியாளர் அல்லோம். குவாரி உரிமையாளரும் அல்லோம். ஆயினும் கல்லை விலைகொடுத்து வாங்குவோர் நாமே. நம் சங்கத்தாருள் வீடு கட்டாதவர் குறைவு. கோயில் திருப்பணிக்கு நிதி தராதவர் அதனினும் குறைவு. மருத்துவத் தொழிலில் இருக்கும் அன்பர்களும் நம்மிடையே உளர். மருத்துவர் ஒருவர் தம் சீட்டில் வயதுக்கு அடுத்த வரியாகத் தொழிலையும் எழுதுவாராயின், அதற்குச் செலவு ஒன்றுமில்லை. நெஞ்சுப் படத்தில் நிழல் கண்டவுடன் காசநோய் என்று முடிவுகட்டாமல், எத்தனை ஆண்டு கல் வேலை என்று கேட்பது, ஒரு குடும்பம் இழப்பீடு பெறுவதற்கும் பெறாததற்கும் உள்ள வேற்றுமையாகலாம்.

திருப்பணிக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். சிலைக்கு விலை பேசும்போது, பட்டறைக்கு நீரும் உறிஞ்சுகுழலும் உண்டா எனக் கேளுங்கள்; இல்லையேல் அதற்கான தொகையைச் சேர்த்துக் கொடுங்கள். கும்பாபிஷேக மலரில் நன்கொடையாளர் படம் பல பக்கம் வருகிறது. கல் செதுக்கியோரின் பெயர்ப் பட்டியலுக்கு ஒரு பக்கமும், அவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை நெஞ்சுப் படம் எடுக்க ஒரு சிறு நிதியும் ஒதுக்கினால் இறைவன் மறுக்கமாட்டான்.

வீடு கட்டுவோர்க்கு இன்னும் எளிய செயல் ஒன்று உண்டு. ஒப்பந்தம் எழுதும்போது சிமெண்டின் பெயர், கம்பியின் கனம், குழாயின் நிறம் எல்லாம் எழுதுகிறோம். அவற்றோடு ஒரு வரி சேர்க்க வேண்டும்: ‘கல்லும் டைல்ஸும் நீர் விட்டே அறுக்கப்பட வேண்டும், அதற்கான கூலி இத்தொகையில் அடங்கும்.’ ஒரு வீட்டார் எழுதினால் அது இரக்கம். ஒரு தெருவார் எழுதினால் ஒப்பந்தக்காரர் அறுவை மேசையைச் சொந்தமாகவே வாங்கிவிடுவார். ஊரார் எழுதினால் அது வழக்கமாகும். வழக்கமான பின் சட்டம் தானே வந்து கையெழுத்திடும். அடுத்த வீட்டில் யார் காசு தருவார் என்ற அந்த இளைஞனின் கேள்விக்கு, இப்போதைக்கு நாம் தரக்கூடிய விடை அந்த ஒரு வரியே.